ஒரே குசினியில் இரண்டு கேக்

எங்கள் பக்கத்தில் யாரும் கேக் சுடுவதில்லை, கேக் அடிப்பார்கள். "நாளைக்குக் கேக் அடிக்க வேணும், பட்டரை வெளியே எடுத்து வை" என்பதுதான் கண்டி வீடுகளில் கேட்கிற பேச்சு. சூடு கடைசி வேலை, அதை அவன் பார்த்துக்கொள்ளும். கைக்கு உள்ள வேலை அடிப்பது. வீட்டில் மெத்தென்ற ஸ்பொஞ் கேக் செய்ய ஆசைப்பட்டவர்களில் பாதிப் பேரை இந்த ஒரு சொல்லே கவிழ்த்திருக்கிறது என்பேன். பட்டர் கேக்குக்கும் அடி, ஸ்பொஞ்சுக்கும் அடி. எதை அடிக்கிறோம், எந்த இடத்தில் கையை நிறுத்துகிறோம் என்பதில் இரண்டும் எதிரெதிர்.

பட்டர் கேக்கின் கணக்கு வீட்டுக்கு வீடு அதிகம் மாறாது. பட்டர், சீனி, மா மூன்றும் 250 கிராம், முட்டை ஐந்து, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, கொஞ்சம் வனிலா. பட்டரையும் சீனியையும் சேர்த்து அடிக்கும்போது சீனியின் கூர்முனைகள் பட்டருக்குள் புகுந்து புகுந்து காற்றுக்கு இடம் பிடிக்கின்றன. மஞ்சள் வெளுத்து, கரண்டியில் எடுத்தால் பாரமே தெரியாத பதம் வரும்வரை அடிக்க வேண்டும். பேக்கிங் பவுடர்தான் கேக்கை உப்ப வைக்கிறது என்று நம்பி இந்த அடியைப் பாதியில் விடுகிறவர்கள் உண்டு. பவுடர் புதிதாக ஒரு காற்றறையையும் உண்டாக்காது. ஏற்கெனவே அடித்துச் சேர்த்த அறைகளுக்குள் போய் அவற்றைப் பெருக்க வைக்கும், அவ்வளவுதான்.

ஸ்பொஞ்சின் பட்டியலோ பார்த்தால் ஏழை வீட்டுப் பட்டியல்: முட்டை நான்கு, சீனி 120 கிராம், மா 120 கிராம். பட்டர் இல்லை, பவுடரும் இல்லை. காற்று முழுவதையும் முட்டையே சுமக்க வேண்டும். அடிக்க அடிக்க முட்டையின் புரதம் விரிந்து, ஒவ்வொரு குமிழியையும் சுற்றி மெல்லிய சவ்வாகப் படிகிறது. கைப் பீட்டரில் எட்டு முதல் பத்து நிமிடம் பிடிக்கும். பீட்டரைத் தூக்கினால் கலவை நாடாபோல விழ வேண்டும். விழுந்த கோடு உடனே மூழ்காமல் மேலே சில நொடி கிடக்க வேண்டும். அந்தக் கோடு நிற்காவிட்டால் மாவைத் தொடாதீர்கள்.

கோடு நின்றுவிட்டதா? அடிக்கிற வேலை அத்தோடு சரி. மாவை மூன்று தடவையாக அரித்துத் தூவி, அகன்ற கரண்டியால் அடியிலிருந்து மேலே அள்ளிப் புரட்ட வேண்டும். என் முதல் ஸ்பொஞ்சில் இரண்டு மாக்கட்டி தெரிந்ததற்காகப் பீட்டரை அரை நிமிடம் மறுபடியும் ஓட விட்டேன். பட்டர் கேக்கில் அந்த அரை நிமிடம் பெரிய குற்றமில்லை. பட்டரின் கொழுப்பு மாவைச் சூழ்ந்து அதன் பசைத்தன்மையை அடக்கிவிடும். ஸ்பொஞ்சில் அடக்க யாரும் இல்லை. குமிழி உடைந்தது, மா இழுபட்டது, வெந்து வந்தது செருப்பின் அடிபோல இருந்தது. பெரியம்மா தட்டைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. "மகள், மா போட்டாச்சென்றால் பீட்டரைக் கழுவப் போட்டிடு. கையில இருந்தா அடிக்கத்தான் தோணும்" என்றார்.

இனி ஊருக்கு வருவோம். கண்டி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அறைச்சூடு பெரும்பாலும் 24, 25 பாகை. மார்கழி, தை விடியற்காலைகளில் இன்னும் இறங்கும். பட்டர் காற்றை நன்றாகப் பிடிப்பது 20 பாகையை ஒட்டித்தான். கொழும்பின் 30 பாகையில் அது எண்ணெய்ப் பதத்துக்குப் போய், அடித்த காற்றை அப்படியே விட்டுவிடும். அங்கே பட்டர் கிண்ணத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து அடிக்க வேண்டியிருக்கிறது. கட்டுகஸ்தோட்டையிலோ பேராதனையிலோ காலை ஆறு மணிக்குக் குசினி மேசையில் வைத்த பட்டர், வேலை தொடங்கும் நேரத்துக்குச் சரியான இளக்கத்தில் இருக்கும். கண்டிக்குப் பட்டர் கேக் பொருந்தி வந்ததில் இந்தக் காற்றுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

ஸ்பொஞ்சுக்கு இதே குளிர் எதிரி. முழு முட்டை இளஞ்சூட்டில்தான் நன்றாகப் பொங்கும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த முட்டையை மார்கழிக் காலையில் அடித்தால் கை வலிக்குமே தவிர நாடா விழாது. முட்டையும் சீனியும் இட்ட கிண்ணத்தைக் கொதிநீர்ச் சட்டியின் மேல், தண்ணீர் தொடாமல் வைத்து, விரலுக்கு வெதுவெதுப்புத் தெரியும்வரை, சுமார் 40 பாகைக்குக் கலக்கிய பிறகு அடிக்க வேண்டும். கொழும்பில் விட்டுவிடக்கூடிய இந்தப் படியைக் கண்டியில் விட முடியாது.

இன்னும் மேலே ஏறினால் கதை வேறு. நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். காற்றழுத்தம் குறைவு என்பதால் குமிழிகள் அளவுக்கு மீறிப் பெருத்து, சுவர் வெந்து இறுகும் முன்பே உடைகின்றன. கண்டியில் சரியாக வந்த அதே குறிப்பை அங்கே உள்ள உறவுக்காரருக்குக் கொடுத்தால் நடுவில் குழி விழுந்த கேக்தான் கிடைக்கும். பட்டர் கேக்குக்கு மருந்து சுலபம், பவுடரைக் குறைத்தால் போதும். ஸ்பொஞ்சில் குறைக்கப் பவுடரே இல்லை. முட்டையைக் கொஞ்சம் முன்னதாக அடித்து நிறுத்தி, அவன் சூட்டைப் பத்துப் பாகை கூட்டிப் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டும் நம்மிடம் குழம்பிப் போனதற்கு ஆங்கிலேயரையும் கொஞ்சம் குறை சொல்லலாம். கொழுப்பில்லாத ஸ்பொஞ் பழையது. போர்த்துக்கேயர் அதைப் 'பாவ் டி லோ' என்றார்கள். அந்தப் 'பாவ்'தான் நம் கடைப் பாண். குசினியும் அவர்கள் விட்டுப் போன சொல்தான். இங்கிலாந்தில் ஜெர்வாஸ் மார்க்கம் 1615இல் அச்சிட்ட வீட்டுக் குறிப்பு நூலில் இந்த வகைக் கேக் வருகிறது. சரியாக இருநூறு ஆண்டு கழித்து, 1815இல், போர்த்துக்கேயராலும் ஒல்லாந்தராலும் பிடித்து வைத்திருக்க முடியாத கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1843இல் ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத மனைவிக்காக அல்பிரட் பேர்ட் பேக்கிங் பவுடரைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு விக்டோரியா இராணியின் பெயரில் ஒரு 'ஸ்பொஞ்' பரவியது. அதில் பட்டரும் உண்டு, பவுடரும் உண்டு. உண்மையில் அது நம் பட்டர் கேக்கின் சகோதரி. பெயர் மட்டும் ஸ்பொஞ். இன்றைக்கும் "ஸ்பொஞ் குறிப்பு" என்று ஒருவர் எழுதித் தருவதில் பட்டர் இருந்தால் அது விக்டோரியா வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துகொள்ளலாம்.

நடுவில் நிற்கிற ஒன்றும் நம்மிடம் இருக்கிறது: லவ் கேக். ரவை, கஜு, நீற்றுப்பூசணித் தோசி, பட்டர் எல்லாம் சேர்ந்த பாரக் கேக். ஆனால் முட்டை வெள்ளையைத் தனியே நுரைக்க அடித்துக் கடைசியில் புரட்டிச் சேர்ப்பார்கள். லவ் கேக் பழகிய கைக்கு ஸ்பொஞ் சீக்கிரம் வரும். இது நான் பல குசினிகளில் கண்டது.

கடை ஸ்பொஞ்சோடு வீட்டு ஸ்பொஞ்சை ஒப்பிட்டு மனம் நோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேக்கரிகள் பலவற்றில் கேக் ஜெல் என்ற பால்மமாக்கியைச் சேர்க்கிறார்கள். நுரை அரை மணி நேரம் நின்றாலும் இறங்காது, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டே அடிக்கலாம். அந்த மென்மையில் முட்டையின் மணம் குறைவு. வீட்டில் வேண்டுமானால் 120 கிராம் மாவில் 20 கிராமை எடுத்துவிட்டுச் சோளமா சேருங்கள். நாம் வாங்குகிற மா பாணுக்கும் ரொட்டிக்கும் ஏற்ற வலுவான மா; அதன் வலுவை அது கொஞ்சம் தணிக்கும்.

எது சிக்கனமான கேக் என்ற கேள்விக்கு 2022 விடை சொன்னது. பட்டர் விலை ஏறியபோது மாஜரின் போட்டோம். 2022 ஓகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபாய், சிவப்புக்கு 45 ரூபாய் என்று அரசு உச்ச விலை கட்டிய பிறகு, பட்டர் கேக்கில் ஐந்து முட்டையை மூன்றாக்கி மிச்சத்துக்குப் பால் ஊற்றினோம். சுவை இறங்கியது, ஆனாலும் கேக் கேக்காகவே வந்தது. ஸ்பொஞ்சில் ஒரு முட்டையைக்கூடக் குறைக்க முடியவில்லை. பட்டியலில் ஏழையாகத் தெரிந்தது, வீம்பில் பணக்காரியாக இருந்தது. 2023 மார்ச்சில் பேக்கரிகளுக்கென்று இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதியான காலம்வரை எங்கள் வீட்டில் ஸ்பொஞ் பேச்சே எழவில்லை.

அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அந்த நாட்களில் ஒரு பின்னேரம், முட்டை நாடாப் பதத்துக்கு வந்து மாவையும் புரட்டி முடித்த நிமிடத்தில் கரண்ட் நின்றது. பட்டர் கேக் கலவையாக இருந்தால் மூடி வைத்துக் காத்திருக்கலாம். ஸ்பொஞ் காத்திருக்காது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே குமிழிகள் வெடித்து மேலே வந்தன. விறகடுப்பைப் பற்றவைத்து, எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, இட்டலிச் சட்டிக்குள் வைத்து அவித்தோம். மேல் வெளுப்பு, அடி ஈரம். "ஆவிக்குப் பிறந்த கேக்" என்று பெரியம்மா பெயர் வைத்தார். தட்டு காலியானது என்னவோ உண்மை.

வெந்ததைப் பார்க்கிற முறையும் இரண்டுக்கும் வேறு. 160 பாகையில் ஐம்பது நிமிடம் கிடந்த பட்டர் கேக்கில் ஈர்க்குக் குத்திப் பார்ப்போம். ஒட்டாமல் வந்தால் சரி. 180 பாகையில் இருபத்தைந்து நிமிடத்தில் முடிகிற ஸ்பொஞ்சை விரலால் அழுத்த வேண்டும். பள்ளம் உடனே மேலே வந்தால் சரி. அதற்கு முன் அவன் கதவைத் திறக்கக் கூடாது. எடுத்ததும் கம்பித் தட்டில் கவிழ்த்து ஆற விட வேண்டும்.

அன்றைய தேத்தண்ணீருக்கு ஸ்பொஞ். அடுத்த நாள் அது காய்ந்துவிடும், கொழுப்பில்லாததன் விலை அது. பட்டர் கேக் இரண்டாம் நாள்தான் ருசி ஏறும். எசல பெரஹெரா நாட்களில், தலதா வீதியில் இடம் பிடிக்க மத்தியானமே வந்துசேர்கிற உறவுக்காரர்களுக்காக முந்திய வாரமே அடித்து, எண்ணெய்த் தாளில் சுற்றி, பிஸ்கட் டின்னில் மேல் தட்டில் வைத்துவிடுவார் பெரியம்மா. டின் திறக்கிற சத்தம் கேட்டால் முன்னறையிலிருந்து யார் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும்.