கடல் கடந்த இல்லறம்

பொருள் தேடிக் கடல் கடக்கும் தலைவன் தன் தலைவியை உடன்கொண்டு செல்லும் வழக்கமில்லை என்பது தொல்காப்பிய அகத்திணையியல் காட்டும் நெறி. நிலவழியில் இருவரும் சேர்ந்து போகலாம். புகாரை விட்டு மதுரைக்குப் பிழைக்கப் போன கோவலனும் கண்ணகியும் அவ்வாறே நடந்தனர். நீர்வழி அவ்வாறன்று. மலேசிய நாட்டில் இவ்விதியை வகுப்பில் நடத்தும் தமிழாசிரியர், அதனை மீறி வந்தவர்களின் கொள்ளுப்பேரர்களுக்கே அதனைக் கற்பிக்கின்றார். அம்மீறல் எப்போது, எக்காரணத்தால் நிகழ்ந்தது என்பதை ஜொகூர் பாரு நகரை நிலைக்களமாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

தெமெங்கோங் டாயெங் இப்ராகிம் 1855இல் தஞ்சோங் புத்திரி என்னும் பெயரால் இவ்வூரை நிறுவினார். அவர் மைந்தர் அபுபக்கர் 1866இல் அதற்கு ஜொகூர் பாரு எனப் பெயரிட்டார். ‘பாரு’ என்னும் மலாய்ச் சொல்லுக்குப் புதியது என்பது பொருள். நம் நாட்டார் ‘புதூர்’ என்பது போல. தொடக்கத்தில் காம்பியரும் மிளகும் பயிரிட்ட சீனரே இங்குப் பெருந்தொகையினர். ரப்பரும் இருப்புப் பாதையும் வந்த பின்னரே தமிழர் பெருகினர். 1909இல் ஜொகூர் இருப்புப் பாதை முற்றுப்பெற்றது. 1923இல் சிங்கப்பூருக்குக் கடற்பாலத்தின் வழியே ரயில் ஓடத் தொடங்கியது. 1924 ஜூன் 28ஆம் நாள் அப்பாலம் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. தெப்ராவ், ஸ்கூடாய், கூலாய், உலு திராம் ஆகிய இடங்களில் காடுகள் தோட்டங்களாயின.

அக்காலத்தில் வந்தவர் பெரும்பாலும் தனி ஆடவரே. மலாயா முழுமைக்குமான குடிமதிப்புக் கணக்கைக் காண்க. 1911இல் ஆயிரம் இந்திய ஆண்களுக்குப் பெண்கள் ஏறத்தாழ 300 பேர். 1921இல் ஏறத்தாழ 400. 1931இல் 500க்குச் சற்றுக் குறைவு. 1947இல் 600க்கும் மேல். முப்பத்தாறு ஆண்டுகளில் விகிதம் இருமடங்காயிற்று. பொருள் திரட்டி ஊர் திரும்ப வந்த கூட்டம், மெல்ல மெல்லக் குடியமர்ந்த சமுதாயமாக மாறியதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

இம்மாற்றம் சட்டத்தால் விளைந்தது என்பர் சிலர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டதும், இந்தியக் குடியேற்றச் சட்டம் 1922இல் இயற்றப்பட்டதும் உண்மையே. அச்சட்டத்தின் கீழ் அமைந்த விதிகள் தனி ஆடவரின் தொகைக்கு வரம்பு கட்டின. ஆயினும் மலாயாவுக்கு அவ்வரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. விலக்கு இருந்த காலத்திலும் பெண்கள் தொகை உயர்ந்தது. ஆகவே வேறு காரணத்தையும் நாம் தேடவேண்டும்.

அது கங்காணி முறையிலும் கூலிக் கணக்கிலும் கிடைக்கின்றது. தன் ஆட்களுள் அன்றாடம் வேலைக்கு வருவோர் ஒவ்வொருவருக்கும் கங்காணி ‘தலைக்காசு’ பெற்றார். மனைவியும் பால்வெட்டுக்கோ களையெடுப்புக்கோ வந்தால் அவளும் ஒரு தலை. குடும்பத்தோடு வந்தவன் எளிதில் தோட்டம் மாறான் என்பது துரைமார்க்கும் ஆதாயம். 1920களின் பிற்பகுதியில், எளிதில் சென்றடையத்தக்க பகுதிகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. தனியாள் 50 காசு ஈட்டிய இடத்தில் தம்பதியர் 90 காசு ஈட்டினர். சமையல் ஒன்று, லயத்து அறை ஒன்று. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த குடியேற்ற முகாம்களில் கணவனோடு கப்பலுக்குக் காத்திருந்த இளம்பெண்ணை, துணைக்குச் சென்றவள் என்று மட்டும் எழுதுவது பொருந்தாது. அவளும் தொழிலாளியாகவே வந்தாள்.

இதனை இனியதொரு காட்சியாக எண்ணிவிடலாகாது. பொழுது விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க வேண்டும். அதற்கு முன் சோறு ஆக்க வேண்டும். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டு நிரைக்குச் செல்லவேண்டும். மாலையில் கணவன் ஓய்ந்தபின்னும் அவள் வேலை ஓயாது. இத்தனைக்கும் அவள் கூலி பத்துக் காசு குறைவு. தாயும் மாமியும் அருகில்லாத நாட்டில் முதற் பிள்ளையைப் பெறும் அச்சம் எந்த ஏட்டிலும் பதியப்படவில்லை.

நகரத்தில் இம்மக்கள் வேரூன்றியதற்குச் சான்றாக இரண்டு கோயில்கள் நிற்கின்றன. சுல்தான் இப்ராகிம் ஆட்சியில் அளிக்கப்பட்ட நிலத்தில் 1911இல் எழுந்தது அருள்மிகு ராஜமாரியம்மன் கோயில். இருப்புப் பாதைக்கு அருகே 1922இல் சிறு கொட்டகையாகத் தோன்றியது ராஜகாளியம்மன் கோயில். இன்று அது கண்ணாடிக் கோயிலாக ஒளிர்கின்றது. திரும்பிப் போகும் நாளை எண்ணிக் கொண்டிருப்பவர் உண்டியலை நிரப்புவர். தம் பிள்ளைக்கு இங்கேயே மொட்டையடித்துக் காது குத்த விரும்புவோரே கோயிலை வளர்ப்பர்.

1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது நாட்கூலி ஆணுக்கு 28 காசாகவும் பெண்ணுக்கு 24 காசாகவும் தாழ்ந்தது; பல்லாயிரவர் தாயகம் அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு, உதவிபெற்று வரும் உடலுழைப்பாளர் குடியேற்றத்தைத் தடுத்தது. அதன்பின் பெண் கொள்ளவும் கொடுக்கவும் பலர் அடுத்த தோட்டத்தையே நாடினர். 1942, 43ஆம் ஆண்டுகளில் சப்பானியர் தோட்டத் தமிழரைச் சயாம்–பர்மா இருப்புப் பாதைக்குக் கொண்டு சென்றனர். மீளாதவர் பல்லாயிரவர். இருவராய்க் கப்பலேறி வந்த குடும்பம் பலவற்றை, எஞ்சிய ஒருத்தியே சுமந்தாள்.

இன்று ஜொகூர் பாருவின் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மவுண்ட் ஆஸ்டின் என்னும் பெயரைக் கேட்போர்க்குக் கடைத்தெரு நினைவுக்கு வருமேயன்றி ரப்பர் மரம் வாராது. அவ்வீடுகளுக்கு இன்றும் பிற மாநிலங்களிலிருந்து இளந்தம்பதியர் குடிவருகின்றனர். சிங்கப்பூரில் வேலை, இங்கே வாடகை வீடு என்பது பலரது ஏற்பாடு. விடியுமுன் பாலத்தைக் கடக்கப் புறப்படும் அவர்களுக்கு, பெரட்டுக்கு எழுந்த பாட்டியின் கதை அயலாருடையதன்று.

அக்கதை எழுத்தில் இல்லை. லயங்கள் இடிக்கப்பட்டன, தோட்டத்துச் செக்குரோல் ஏடுகள் பல குப்பையாயின. எஞ்சியிருப்பன பழைய கடவுச்சீட்டு, பிறப்புச் சூராவின் நகல், மங்கிய திருமணப் படம், மூதாட்டியரின் நினைவு ஆகியனவே. தமிழாசிரியர்கள் தம் மாணவர் ஒவ்வொருவரையும், ‘உன் குடும்பத்தில் இவ்வூருக்கு முதலில் வந்த தம்பதியர் யாவர்? எவ்வூரிலிருந்து, எவ்வேலைக்கு வந்தனர்?’ என்று கேட்டு ஒரு பக்கம் எழுதச் செய்வார்களாக. அகத்திணையியல் நடத்தும் அன்றே இதனைச் செய்யலாம். இலக்கணம் விலக்கிய பயணத்தை மேற்கொண்ட பெண்களின் பெயர்களேனும் அவ்வேடுகளில் நிலைபெறட்டும்.