உத்தரமேரூர்க் கல்லெழுத்துக்கள்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு வட்டத்திற்குத் தலைநகராயுள்ள சிற்றூர் உத்தரமேரூர். பல்லவர் காலந்தொட்டு விளங்கும் இவ்வூரிலே சுந்தரவரதப் பெருமாள் கோயிலும், வைரமேக தடாகம் என்னும் பேரேரியும் காணத்தக்கன. எனினும், இவ்வூரின் பெயரைப் பிறநாட்டார்க்கும் அறிவித்தவை வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலுள்ள கல்வெட்டுக்களேயாம்.

முதற் பராந்தக சோழன் ஆட்சியில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் இவ்வூர்ச் சபையார் செய்துகொண்ட ஏற்பாடுகளை அவை கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. தக்கார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு குடும்புக்கு ஒருவராக எடுப்பிப்பர். அவருள் 12 பேர் ஸம்வத்ஸர வாரியத்தையும், 12 பேர் தோட்ட வாரியத்தையும், 6 பேர் ஏரி வாரியத்தையும் 360 நாள் நடத்துவர்.

நிலமும் வேதப் பயிற்சியும் உடைய அந்தணர்க்கே அவ்வுரிமை இருந்தது, ஏனையோர்க்கு இல்லை. அது குறையே. ஆயினும், ஒரு விதி என்றும் போற்றற்குரியது. முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தவர் பெயர் குடத்தில் இடப்படாது. அவருடைய தந்தை, உடன்பிறந்தார், மாமன், மருமகன் முதலிய உறவினர் பெயர்களும் இடப்படா.

உறவின் பேரால் ஒன்றுகூடும் நம்மனோர் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். உறவினர் என்பதனாலேயே கணக்குக் கேளாது விடுதல் நமக்கு எளிது. அவர்களோ உறவையே கணக்குக்குப் பிணையாக்கினர். நம் இளைஞரை அங்கு அழைத்துச் சென்று அக்கல்லெழுத்தைக் காட்டுவோமாக. காட்டுமுன் நம் ஏடுகளையும் ஒருமுறை விரித்துப் பார்ப்போமாக.