படக்கோப்புகளின் வடிவமாற்றம்: ஒரு வரலாற்று நோக்கு

சுவரிலே தீட்டிய ஓவியம் நிறம் மங்கினும் கண்ணுக்குத் தோன்றும். கணினியில் வரைந்த படம் அத்தன்மைத்தன்று. அது வட்டிலே எண்களாகக் கிடப்பது. படத்தின் அகலம் எத்தனை புள்ளி, ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க எத்தனை இருமங்கள், புள்ளிகள் எம்முறையில் அடுக்கப்பட்டன என்பவற்றை அறியாதார்க்கு அவ்வெண்கள் பொருளற்றனவே. இவ்வமைப்பினையே கோப்பு வடிவம் என்பர்.

1980களில் நிறுவனங்கள் பலவும் தத்தமக்கென வடிவங்களை வகுத்தன. அப்பிள் நிறுவனத்தின் மக்பெயின்ற் (1984) 576 புள்ளி அகலமும் 720 புள்ளி உயரமும் உடைய கறுப்பு வெள்ளைப் படத்தையன்றிப் பிறிதொன்றையும் ஏலாது. அமிகாக் கணினிக்கு ஐஎல்பிஎம் வடிவம் 1985இல் வந்தது. ஜிஃப் 1987இல் தோன்றியது. ஒரு கணினியில் வரைந்த படம் மற்றொன்றிற்குப் புரியாத நிலை உண்டாயிற்று. நூறு வடிவங்களை ஒன்றிலிருந்து ஒன்றிற்கு நேரே மாற்றுவதாயின் 9,900 செய்நிரல்கள் வேண்டும்!

இச்சிக்கலுக்கு ஜெவ் பொஸ்கான்சர் என்பார் கண்ட வழி மிக எளியது. கறுப்பு வெள்ளைப் படங்களை மின்னஞ்சலில் வெறும் எழுத்துகளாக அனுப்புதற்பொருட்டு அவர் பிபிஎம் என்னும் வடிவத்தை முன்னரே அமைத்திருந்தார். தொடக்கத்தில் ஓர் அடையாளம், பின் அகலமும் உயரமும், அதன்பின் வெண்மைக்கு 0, கருமைக்கு 1, அவ்வளவே. கட்டத்தாளை வைத்துக்கொண்டு மாணவன் ஒருவன் கையாலேயே எழுதிவிடலாம். இதனை நடுவில் நிறுத்தி, எவ்வடிவத்தையும் முதலில் இதற்கும், இதிலிருந்து வேண்டிய வடிவத்திற்கும் மாற்றுவதெனின் நூறு வடிவங்களுக்கு 200 செய்நிரல்களே போதும். பிபிஎம்பிளஸ் என்னும் அத்தொகுதி 1988இல் வெளிவந்தது. சாம்பல் நிறத்திற்கும் பல நிறங்களுக்குமான வடிவங்கள் அவ்வாண்டிறுதிக்குள் சேர்ந்தன. 1991இன் பின் அவர் அதனைப் புதுக்கவில்லை. 1993இல் பிறர் நெற்பிபிஎம் என்னும் பெயரால் அப்பணியை மேற்கொண்டனர்.

ஆயினும் நடுவடிவத்தில் இடமில்லாதது மாற்றத்தின்போது கைவிடப்படும். ஐஎல்பிஎம் கோப்பு, புள்ளிகளை மாத்திரமன்றி, நிறங்கள் எவ்வரிசையிற் சுழலவேண்டும் என்னும் குறிப்பையும் தாங்கவல்லது. அச்சுழற்சியால் அசையாத படத்தில் அருவி வீழ்வதுபோலத் தோன்றும். நடுவடிவமோ புள்ளிகளின் நிறத்தையன்றி வேறொன்றும் அறியாது. அதனூடாகப் பெயர்த்தால் அருவி நின்றுவிடும். மறுபடி ஐஎல்பிஎம் ஆக்கினும் அவ்வசைவு மீளாது. மாற்றியபின் மூலக்கோப்பை அழிப்பது தகாது என்று யாம் வற்புறுத்துவது இதனாலேயே.

இனி, வடிவத்தின் விளக்கமே கிடைக்காதவிடத்து நேர்வது யாது? 1985 ஜூலையில் நியூயோர்க் நகரில் அமிகாவின் அறிமுக விழாவிலே, ஓவியர் அன்டி வோர்ஹோல் பாடகி டெபி ஹரியின் உருவத்தைக் கணினியில் ஆக்கிக் காட்டினார். அவர் 1987இல் மறைந்தார். அவருடைய நெகிழ்வட்டுகள் பிற்ஸ்பேர்க் நகரில் அவர் பெயரால் அமைந்த அரும்பொருளகத்தைச் சேர்ந்தன. கலைஞர் கோரி ஆர்க்கேஞ்சலின் தூண்டுதலால் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினிக் கழகத்தார் அவற்றை ஆராயப் புகுந்தனர். வட்டுகளிலிருந்த தரவுகள் படிக்கப்பட்டன, படங்களோ தோன்றவில்லை. பொதுமக்களுக்கு வெளியிடப்படுமுன் இருந்த மென்பொருளால், எவரும் அறியாத வடிவத்தில் அவை சேமிக்கப்பட்டிருந்தன. நெற்பிபிஎம் போன்ற தொகுதியால் அவ்விடத்து ஆவதொன்றில்லை. கழகத்தார் எண்களையே நேர்நின்று நோக்கி அவற்றின் அமைப்பை உய்த்துணர்ந்தனர். 2014இல் 28 படங்கள் உலகிற்கு அறிவிக்கப்பட்டன. அவற்றுள் கம்பெல் சூப்புத் தகரமொன்றும், நெற்றியில் மூன்றாவது கண்ணொன்று பதிக்கப்பட்ட பொத்திச்செல்லியின் வீனசும் உள்ளன.