கட்டட மேம்பாட்டு வாடகை உயர்வு (தமிழ்நாடு)

கட்டட மேம்பாட்டு வாடகை உயர்வு என்பது, வாடகைக்கு விட்ட கட்டடத்தில் உரிமையாளர் தம் செலவில் செய்யும் மேம்பாட்டுக்காக வாடகையைக் கூட்டுவதாகும். 1960 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், நியாய வாடகை நிர்ணயிக்கப்பட்டபின் இவ்வாறு கூட்டுவதற்குக் குடியிருப்பவரின் வேண்டுகோள் தேவைப்பட்டது. அதற்கு மாற்றாக 2017 இல் இயற்றப்பட்ட சட்டம் 2019 பெப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி வேலை தொடங்குமுன்பே இருதரப்பும் எழுத்தில் உடன்பட வேண்டும். வேலை முடிந்து ஒரு மாதம் கழித்தே உயர்வு செல்லும்.

பழுதுபார்ப்பு மேம்பாடாகாது என்பதே இதில் முக்கியமானது. வேறு உடன்பாடு இல்லாதபோது, தேவைப்படும் குழாய்களை மாற்றுவதும் மின்கம்பிகளைப் பராமரிப்பதும் உரிமையாளரின் கடமை என இரண்டாம் அட்டவணை கூறுகிறது. எனவே துருப்பிடித்த குழாயை மாற்றியதைக் காட்டி இப்பிரிவின்கீழ் வாடகையை உயர்த்த இயலாது. வெந்நீர் தரும் கீசரின் பழுதோ, பலரும் எண்ணுவதற்கு மாறாக, வாடகைதாரர் பட்டியலில் உள்ளது.