அப்புக்காத்தருக்கு முதலாளி இல்லை

வெஸ்ட்மீட்டில் நான் வேலை செய்கிற சாப்பாட்டுக் கடைக்குக் கொத்துரொட்டி எடுக்க ஒரு தம்பி வருவார். பரமட்டாக் கோட்டுகளில் வழக்குப் பேசுகிற சொலிசிட்டர். போன கிழமை, "அண்ணை, வேலையை விடப்போறன். தனிய ஒரு ஒஃபிஸ் போடப்போறன்" என்றார். தகப்பனுக்கு விருப்பமில்லையாம். "மாசச் சம்பளத்தை விட்டிட்டு ஆரும் போவினமோ?" என்று கேட்டாராம்.

எனக்குத் தந்தை செல்வாதான் ஞாபகத்துக்கு வந்தார்.

1898 இல் ஈப்போவில் பிறந்து தெல்லிப்பழையில் வளர்ந்தவர். லண்டன் பட்டத்தை வெளிவாரியாக எடுத்தார். கொழும்பில் விஞ்ஞானம் படிப்பித்தார், சட்டமும் படித்தார். 1923 இல் அப்புக்காத்தர் ஆனார்.

இந்தச் சொல் இப்போது பலருக்குத் தெரியாது. கட்சிக்காரர் முதலில் போவது பிரக்கிராசியிடம். அவர் வழக்கைத் தயார்செய்து கொடுக்க, பெரிய கோட்டில் எழும்பிப் பேசுவது அப்புக்காத்தர். 1974 இல்தான் இரண்டையும் ஒன்றாக்கிச் சட்டத்தரணி என்றார்கள். அப்புக்காத்தர் தனியாள். பிரக்கிராசிமார் வழக்குத் தராவிட்டால் உழைப்பில்லை. இங்கே நியூ சவுத் வேல்ஸிலும் பாரிஸ்டர்மார் இன்றுவரை தனியாட்கள்தான். செல்வா புதுக்கடையில் சிவில் வழக்குகளில் பெயரெடுத்து, 1947 இல் கே.சி. பட்டமும் பெற்றார். அதே வருடம் காங்கேசன்துறை எம்.பி.யும் ஆனார்.

தமிழ் அரசியல் முழுக்க லோயர்மார் என்று நாங்கள் நக்கலடிப்போம். காரணத்தை யோசிப்பதில்லை. அரசாங்க உத்தியோகத்தரின் சம்பளம் அரசாங்கத்தின் கையில். 1962 இல் சிங்களப் பரீட்சை எழுதாததற்காகக் கோடீஸ்வரன் என்ற கிளாக்கரின் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அவர் வழக்குப் போட்டு 1964 இல் மாவட்டக் கோட்டில் வென்றார். 1967 இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார். 1969 இல் பிரிவிக் கவுன்சில், அரச ஊழியர் சம்பளத்துக்கு வழக்குப் போடலாம் என்றது. மொழிச்சட்டம் செல்லுமா என்ற கேள்வியை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டது. 1972 இல் அரசியலமைப்பே மாறியது. அந்தக் கேள்வி அப்படியே கிடந்தது.

அப்புக்காத்தரை இடம்மாற்ற முடியாது, சம்பளத்தை வெட்ட முடியாது. அதனால்தான் அவரால் வாய் திறக்க முடிந்தது. 1976 இல் அமிர்தலிங்கமும் வேறு மூவரும் ட்ரயல் அட் பாரில் நின்றபோது, நடுக்கவாதத்தால் தளர்ந்திருந்த செல்வாவும், அரசியலில் அவரோடு கால் நூற்றாண்டுக்கு மேல் மோதிய ஜி.ஜி. பொன்னம்பலமும் ஒரே பக்கத்தில் ஆஜரானார்கள். அடுத்த வருடம் பெப்ரவரியில் ஒருவரும் ஏப்ரலில் மற்றவரும் போய்விட்டார்கள்.

கோடு எங்களுக்கு விடிவு தந்தது என்று நான் சொல்லவில்லை. தந்திருந்தால் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டு நான் இங்கே வெங்காயம் உரித்துக்கொண்டு நிற்கமாட்டேன். ஆனாலும் என் அகதி வழக்கை எடுத்துப் பேசியவர் ஒரு தனியாள். ஒற்றை அறை, ஒரு மேசை. காசைப் பிறகு தரச் சொன்னார். பெரிய கம்பனியில் அவர் சம்பளத்துக்கு இருந்திருந்தால் அதை முதலாளியிடம் அல்லவா கேட்டிருக்கவேண்டும்?

தம்பிக்கு இவ்வளவும் சொல்ல நேரமில்லை, பின்னால் ஓடர் குவிந்துவிட்டது. "துணிஞ்சு தொடங்கும். காசில்லாத சனத்துக்கும் கதவைத் திறந்து வையும்" என்று மட்டும் சொன்னேன்.