பினாங்கு நேரமும் கணிப்பொறி அட்டவணையும்

ஜார்ஜ் டவுனில் கார்ன்வாலிஸ் கோட்டையை அடுத்து நிற்கும் மணிக்கூண்டு, விக்டோரியா அரசியின் 60 ஆண்டு ஆட்சியின் நினைவாக, ஆண்டுக்கு ஓரடியாக 60 அடி உயரத்தில் எழுப்பப்பட்டது. 1902-இல் அது நிறைவெய்திய பின்னர், அரசாணைகள் அவ்வூர்க் கடிகாரங்களைப் பலமுறை முன்தள்ளியுள்ளன.

ஞாயிற்றின் கணக்குப்படி பினாங்கு நேரம் கிரீனிச்சுக்கு 6 மணி 41 நிமிடம் முந்தியது. 1905 ஜூன் 1 முதல் நீரிணைக் குடியேற்றங்களில் அவ்வேறுபாடு 7 மணியாக வகுக்கப்பட்டது. 1933-இல் பகலொளிச் சேமிப்பு என்னும் பெயரால் 20 நிமிடம் கூட்டினர். மேனாடுகளில் இவ்வேற்பாடு கோடையில் வந்து குளிர்காலத்தில் நீங்கும். ஆண்டு முழுதும் பகலும் இரவும் ஏறத்தாழ ஒத்திருக்கும் மலாயாவிலோ, வந்த 20 நிமிடம் நீங்கவே இல்லை. 1936-இல் அதுவே நிலையான நேரமாயிற்று! 1941 செப்டம்பர் 1-இல் மேலும் 10 நிமிடம் சேர்ந்து 7.30 ஆயிற்று. ஜப்பானியர் தோக்கியோ நேரமாகிய 9 மணியைப் புகுத்தினர். போருக்குப் பின் மீண்ட 7.30, 1982 ஜனவரி 1-இல் 8 ஆயிற்று. தீபகற்பம் சபா, சரவாக்கோடு ஒன்றியது.

இம்மாற்றங்களைக் கணிப்பொறிகளுக்கு உணர்த்தும் பொது அட்டவணை ஒன்றை ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பார் 1980-களில் தொடங்கினார். கைப்பேசிகள் பலவும் இன்று அதனையே பின்பற்றுகின்றன. எழுத்துச் சுருக்கங்களை மட்டும் நம்பின் குழப்பமே மிகும்: ‘ஐ.எஸ்.டி.’ என்பது இந்தியாவுக்கும் அயர்லாந்துக்கும் இஸ்ரேலுக்கும் பொது. ஆதலின் ஊர்ப்பெயரால் நேரத்தைக் குறிக்கும் முறை அவ்வட்டவணையில் மேற்கொள்ளப்பட்டது.

ஆயினும் 1970-க்குப் பின் நேரம் வேறுபடாத ஊர்களை ஒரே வரிசையில் அடக்குவது அதன் நெறி. பினாங்குக்குத் தனி வரிசை இல்லை. கோலாலம்பூரின் வரிசையும் பின்னர்ச் சிங்கப்பூரோடு இணைக்கப்பட்டது. அவ்வரிசையில் தோக்கியோ நேரம் 1942 பிப்ரவரி 16-இல் தொடங்கி 1945 செப்டம்பர் 12-இல் முடிகிறது. இவை சிங்கப்பூர் வீழ்ந்ததற்கு மறுநாளும், அங்கு ஜப்பானியர் முறைப்படி சரணடைந்த நாளுமாம். பினாங்கோ 1941 டிசம்பர் 19-இலேயே ஜப்பானியர் வசப்பட்டது. பிரிட்டிஷ் கடற்படை வீரர் 1945 செப்டம்பர் 3-இல் அங்கு மீண்டும் இறங்கினர்.

1942 ஜனவரியில் ஜார்ஜ் டவுனில் பிறந்த ஒருவருக்கு இன்று கணிப்பொறி வழியே சாதகம் கணிப்பதாகக் கொள்வோம். அது 7.30 என்ற கணக்கையே எடுத்துக்கொள்ளும். குறித்து வைத்த மணி தோக்கியோ நேரமாயின் ஒன்றரை மணி பிழை நேரும். ஓர் இலக்கினம் ஏறத்தாழ இரண்டு மணி அளவினது. ஆகவே இலக்கினமே மாறிவிடக்கூடும். அத்தகைய குறிப்பைக் கையாள்வோர், அக்கால நாளிதழ்களையும் ஆட்சி அறிவிப்புகளையும் நோக்கிய பின்னரே கணிக்க முற்படுதல் தகும்.