நீர்நிலையும் நகர வாணிகமும்

கோயில் குளம் என இரண்டையும் ஒரு தொடராகச் சேர்த்து வழங்குவது தமிழ் மரபு. ஆலயம் எடுப்பித்தலைப் போலவே ஏரி குளம் வெட்டுவித்தலையும் சிவபுண்ணியமென நம் முன்னோர் போற்றினர். திருக்குட நன்னீராட்டு நிகழும் இந்நன்னாளில், நீர்நிலையை இழந்த ஒரு நகர்ப்பகுதியின் வரலாற்றை அன்பர்கள் சிந்தித்தல் தகும்.

சென்னை மாநகரின் மேற்கெல்லையில், நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கமாக, வில்போல் வளைந்து கிடந்தது ஒரு பேரேரி. ஆங்கிலேயர் அதனை 'லாங் டாங்க்' என்றனர். அதன் தென்பகுதி மயிலாப்பூர் ஏரி எனப்பட்டது. 1920ஆம் ஆண்டில் நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பெருகிவரும் மக்களுக்கு மனை வேண்டி, 1923 முதல் 1925 வரையுள்ள காலத்தில் அவ்வேரி நீரை வடித்துத் தியாகராய நகரை உண்டாக்கினர். சர் பிட்டி தியாகராயர் பெயர் தாங்கிய அந்நகர், பனகல் பூங்காவை நடுவாகக் கொண்டு, குடியிருப்பாகவே வகுக்கப்பட்டது. வீடுகளைச் சூழ மண்ணும் மரமும் இருந்தமையால், பெய்த மழையிற் பெரும்பகுதி நிலத்துள் இறங்கியது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ சாலை' என்னும் பெயர் இன்றும் பழைய ஏரிக்குச் சான்று பகர்கின்றது.

பின்னர் வாணிகம் பெருகியது. மாம்பலம் இரயில் நிலையத்தை அடுத்த ரங்கநாதன் தெருவும் உஸ்மான் சாலையும் துணிக்கும் நகைக்கும் பாத்திரத்துக்கும் பேர்பெற்றன. வாணிகம் பழிக்கத்தக்கதன்று; பல்லாயிரம் குடும்பங்களுக்கு அஃது உணவளிக்கின்றது. ஏரியை அழித்ததும் வாணிகமன்று. குடியிருப்பு வேட்கையே அது செய்தது. ஆயின், எஞ்சியிருந்த மண்ணை மூடியதில் வாணிகத்துக்குப் பெரும் பங்குண்டு. நிலத்தின் விலை ஏற ஏற, வீடுகள் கடைகளாயின, தோட்டங்கள் மாடிகளாயின. இரைச்சலும் நெரிசலும் தாங்காது பழங்குடியினர் பலர் வேறிடம் பெயர்ந்தனர். மழைநீரை அடையாற்றுக்குக் கொண்டு செல்லும் மாம்பலம் கால்வாயோ குப்பையாலும் கழிவாலும் தூர்ந்தது. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் பெருமழை பெய்தபோது, அப்பகுதியின் வீதிகளில் வெள்ளம் நின்றது. வீட்டினுள் நீர் புகக் கண்டவருள் வணிகரும் இருந்தனர். அவரிடம் பணிசெய்யும் ஏழையரும் இருந்தனர்.

இத்திருப்பணிக்குப் பொருள் வழங்கிய வணிகப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். திருக்குளத்துக்கு நீர் வரும் வழியின்மீது கடை எழுப்ப இடந்தரற்க. அதன் வாடகை கோயிலுக்கே வருவதாயினும் வேண்டா. ஆண்டுதோறும் குளத்தைத் தூர்வாரும் செலவையும் அறக்கட்டளையுள் ஒன்றாகக் கொள்க. தத்தம் கடையின் ஒருபுறத்தே சிறிது மண்ணையேனும் மூடாது விடுக. இவையும் திருப்பணியே. கலசத்தில் நிறையும் புனித நீரும் ஏதோ ஓர் ஊர் காத்து வைத்த நீரன்றோ?

திருவருள் துணைநிற்பதாக.